சர்க்கரை நோயாளிகள் விழித்திரையைக் காத்துக்கொள்வது எப்படி?

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. அந்தக் கேட்டில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்கும் பங்கு உண்டு என்பதை அறிந்தவர்கள் குறைவு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது இதை அறிந்தால்தான் தெளிவாகும் என்பதால், முதலில் இதையே விளக்குகிறேன்.

இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஐகேம்-1 என்னும் ஒட்டும் புரதம் கூடுகிறது. தடையின்றி ஓட வேண்டிய வெள்ளை அணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு, குழாயை அடைப்பதோடு அதன் சுவரையும் சிதைக்கின்றன. விழித்திரைக்குள்ளேயே காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்களும் கிளர்ந்து, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. குழாய்கள் கசிந்து, நடுப்பார்வைக்குரிய மாகுலாவில் நீர் கோத்துக்கொள்கிறது. இவற்றுள் பெரும்பகுதி விலங்கு ஆய்வுகளிலும், நோயாளிகளின் கண்நீர்மத்தைச் சோதித்ததிலும் தெரியவந்தவை. ஆகவே இதுவே முழுக் காரணம் என்று அறுதியிடாமல், இதற்கும் பங்குண்டு என்று கொள்வதே முறை.

இதனால்தான், ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் கண்ணுக்காக வாங்க வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். கண்ணில் ஏற்கெனவே ஓயாமல் கிளர்ந்திருக்கும் எதிர்ப்பை மேலும் தூண்ட விரும்புவதில் பொருளில்லை. அழற்சியைத் தணிக்கலாமே என்று ஆஸ்பிரினைத் தாமாகத் தொடங்குவதும் வீண். அமெரிக்காவில் 3,711 நோயாளிகளிடம் நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சோதித்து, 1991-ல் வெளியிட்ட முடிவின்படி, அது விழித்திரை நோயைத் தடுக்கவுமில்லை, கண்ணுக்குள் இரத்தக் கசிவை மிகுவிக்கவுமில்லை. இதயத்துக்காக அதை உட்கொள்பவர்கள் கண்ணை நினைத்து அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, கண்பாவையை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள், நோய் தெரிந்தவுடனேயே இதைச் செய்துகொள்ள வேண்டும். முதல் வகையினர் நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் செய்துகொள்ளலாம். அதன்பின் மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோயுள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் காட்ட வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது. கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு, புதுச்சேரி செல்லும் சாலையிலேயே, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மரிலும் கண் மருத்துவப் பிரிவு உண்டு. எச்.பி.ஏ.1.சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), இரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகிலுள்ள எழுத்து மங்கும். வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவருடன் பேருந்தில் திரும்புவதே நல்லது.

மாகுலாவில் நீர் கோத்திருந்தால், குழாய்களைக் கசியச் செய்யும் வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுவது வழக்கம். சிலருக்கு, அழற்சியைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் பயன்படுகிறது. இதன் பலனே அழற்சியின் பங்குக்கு ஒரு சான்றாகக் கருதப்படுகிறது. ஆனால் அது கண் அழுத்தத்தை உயர்த்தலாம், புரையை விரைவுபடுத்தலாம் என்பதால், அழுத்தத்தை எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு மாற்றாகாது. அது சர்க்கரையையே ஏற்றிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சர்க்கரைக் கட்டுப்பாடே. முதல் வகை நோயாளிகளிடம் நடந்த டி.சி.சி.டி. ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு விழித்திரை நோய் தோன்றுவதை 76 விழுக்காடு குறைத்தது என 1993-ல் தெரியவந்தது. இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். ஈறு வீக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அது இருக்கும்வரை சர்க்கரை எளிதில் அடங்காது. விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு, சர்க்கரையை மிக விரைவாக இறக்கினால் தொடக்கத்தில் நோய் சற்று முற்றக்கூடும். எனவே இன்சுலினைக் கூட்டும் முன் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

வீட்டில் வாரம் ஒருமுறை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றொன்றால் சன்னல் கம்பிகளைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். நேரான கம்பி வளைந்தோ நடுவில் மங்கியோ தெரிந்தால் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். திடீரெனக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலும், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலும், வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.