பல்லி மூளையில் மெலடோனின் ஏற்பிகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெலடோனின் இரவில் சுரக்கும் ஹார்மோன்; அதைப் பிடிக்கும் புரதமே ஏற்பி. எலி மூளையின் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பல்லி மூளையை வெட்டுவதில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். எலியில் தேடவேண்டிய இடங்கள் சூப்ரகயாஸ்மாடிக் நியூக்ளியஸும் (ஹைப்போதலாமஸில் உள்ள நாள்தாளக் கடிகாரம்) பார்ஸ் டியூபராலிஸும் (பிட்யூட்டரிச் சுரப்பியின் ஒரு பகுதி). பச்சை அனோல் (அனோலிஸ் கரோலினென்சிஸ்) என்ற பல்லியில் ஆப்டிக் டெக்டம் போன்ற பார்வைப் பகுதிகளிலும் மெலடோனின் ஒட்டுகிறது. ஹைப்போதலாமஸை மட்டும் வெட்டினால் அதெல்லாம் கைவிட்டுப் போகும். முன்மூளையிலிருந்து பின்மூளை வரை தொடர்ச்சியாக வெட்டுங்கள். பாம்பில் பார்ஸ் டியூபராலிஸே கிடையாது. அங்கே தேடி ஏமாற வேண்டாம்.

கதிரியக்கம் ஏற்றிய மெலடோனினில் ஊறவைத்த மூளைச் சீவல்களை ஃபிலிமின்மேல் வைத்தால், ஒட்டிய இடம் கறுக்கும். ஆனால் ஃபிலிமில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஏற்பி அல்ல. இதற்குப் பயன்படும், கதிரியக்க அயோடின்-125 ஏற்றிய அயோடோமெலடோனின் கொழுப்பில் கரையும். நரம்பிழை அடர்ந்த பகுதிகளில் சும்மாவே தங்கிவிடும். ஆகவே 20 மைக்ரான் செக்‌ஷன்களை 50 முதல் 100 பிகோமோலார் அயோடோமெலடோனினில் ஊறவைக்கும்போது, பக்கத்துச் செக்‌ஷனில் 1 மைக்ரோமோலார் சாதாரண மெலடோனினையும் சேருங்கள். அதிலும் கறுப்பு மிஞ்சினால் அது ஏற்பி இல்லாத ஒட்டல்; கழித்துவிடுங்கள். திசுவை ஃபார்மலினில் போடாமல், எடுத்தவுடன் உறையவைப்பது நல்லது. கழுவும் பஃபர் பனிக்கட்டிக் குளிர்ச்சியில் இருக்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உண்மையான ஒட்டலும் சேர்ந்து கழன்றுவிடும். அயோடின்-125 ஏறக்குறைய 60 நாளில் பாதியாகிவிடும். பழைய குப்பியின் லேபிளில் உள்ள கதிரியக்க அளவை அப்படியே கணக்கில் எடுத்தால் செறிவு தப்பும்.

விலங்கைக் கொன்ற நேரத்தைக் குறிக்காத தரவு பாதிப் பயன்தான். இரவில் மெலடோனின் ஏறும். குளிர்ரத்த விலங்குகளில் வெப்பநிலையும் அந்த ஏற்றத்தை மாற்றும். பல்லியின் பினியலே (மெலடோனினைச் சுரக்கும் மூளைச் சுரப்பி) ஒளியை உணரும் என்பதால், இரவு வேலைக்கு வெள்ளை டார்ச்சைத் தொடவே கூடாது. மங்கிய சிவப்பு விளக்குகூட முழுப் பாதுகாப்பு அல்ல.

ஒட்டுவது ஒன்று, வேலை செய்வது வேறு. ஜிடிபி-காமா-எஸ் (ஏற்பியோடு இணைந்த ஜி-புரதத்தைத் தூண்டும் வேதிப்பொருள்) சேர்த்தால் ஒட்டல் குறைகிறதா, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி இறங்குகிறதா என்று பார்க்காமல் “செயல்படும் இடம்” என்று எழுதிவிடாதீர்கள். மனிதரின் மெலடோனின் ஏற்பிகளான எம்டி1, எம்டி2 ஆகியவற்றின் மரபணு வரிசைகளை மட்டும் வைத்து ப்ரைமர் (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தயாரிப்பவர்கள் மெல்1சி என்ற மூன்றாவது வகை ஏற்பியைத் தவறவிடுவார்கள். பாலூட்டிகளில் அதன் இடத்தில் இருக்கும் ஜிபிஆர்50 என்ற புரதம் மெலடோனினைப் பிடிப்பதே இல்லை.

“ஊர்வனவற்றில்” என்று பொதுவாக எழுதுவதும் ஆபத்து. பினியலை எடுத்தால் பச்சை அனோலின் நாள்தாளம் குலைகிறது. பாலைவன இகுவானாவில் பெரிய மாற்றமில்லை, அங்கே சூப்ரகயாஸ்மாடிக் நியூக்ளியஸை அழித்தால்தான் குலைகிறது. முதலைக்கோ பினியலே கிடையாது.