சமோவ உறவுச்சொற்களைத் தமிழில் எழுதிவையுங்கள்

பசிபிக் தீவுகளில் பேசப்படும் சமோவ மொழியின் உறவுச்சொற்களைக் கற்பவர்கள் அவற்றைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது நல்லது. அந்த மொழியில் குறில், நெடில் மாறினால் உறவே மாறிவிடும். ‘தமா’ என்றால் அப்பா. ‘தம’ என்றால் பிள்ளை. ‘தினா மத்துவ’ பாட்டி, ‘தமா மத்துவ’ தாத்தா. இதில் ‘மத்துவ’ முதியவரைக் குறிக்கும். அதையே ‘மாத்துவ’ என்று நீட்டினால் பெற்றோர்! ரோமன் எழுத்தில் நெடிலைக் காட்ட மேலே ஒரு கோடு உண்டு. அச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நமக்கு ஒரு துணைக்காலே போதும்.

மகனைத் தந்தை குறிப்பிடும் ‘அத்தலி’இ’யில் வரும் தொண்டை அடைப்புக்கு (தொண்டையில் காற்றை ஒரு நொடி நிறுத்தும் ஒலிக்கு) மட்டும் தமிழில் எழுத்தில்லை, மேற்கோள் குறி இட்டுக்கொள்ளுங்கள். உடன்பிறப்புகளுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அங்கே சொல்பவர் ஆணா பெண்ணா என்பதே கணக்கு: ஆணுக்கு அவன் சகோதரன் ‘உசொ’, பெண்ணுக்கு அவள் சகோதரியும் ‘உசொ’தான். ஆணின் சகோதரி ‘துவஃபஃபினெ’, பெண்ணின் சகோதரன் ‘துவஙனெ’. இச்சொற்களில் அண்ணன், தம்பி என்ற வயது வேறுபாடு கிடையாது.