பிடித்த படங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது எப்படி

ஒரு படத்தைப் பற்றி நம் நினைவில் இருப்பதும் அந்தப் படத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நண்பர் ஒருவர் 'உதிரிப்பூக்கள்' படத்தின் இறுதிக் காட்சியை எனக்குப் பலமுறை விவரித்திருக்கிறார். அவர் சொல்லும்போது ஊர்மக்கள் ஒன்றுகூடி, ஊரையே கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். 1979இல் வெளிவந்த மகேந்திரனின் அந்தப் படத்தில் அவனை யாரும் தள்ளுவதில்லை. ஊர் சூழ்ந்து நிற்க, இத்தனை நாள் நல்லவர்களாக இருந்தவர்களையும் தன்னைப்போல ஆக்கிவிட்டதாக அவர்களிடம் சொல்லி, பிள்ளைகளிடம் விடைபெற்று, அவனே நீருக்குள் இறங்கிப் போகிறான். நண்பரின் மனம் அங்கே ஒரு தள்ளலைச் சேர்த்துக்கொண்டது ஏன் என்ற கேள்வி, அவர் அந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்பதைவிட எனக்குச் சுவையாக இருக்கிறது. குறிப்பேடு வைக்க விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை இந்தக் கேள்வியை நடுவில் வைத்தே அமைந்தது.

முறை எளியது. பிடித்த படத்தை மறுபடி பார்ப்பதற்கு முன் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு படத்தைப் பாருங்கள். பிறகு இரண்டுக்கும் எங்கே வேறுபாடு என்று எழுதுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. படத்தைப் பார்த்து முடித்த உடனே பழைய நினைவின்மேல் புதிய நினைவு படிந்துவிடும், அதன்பின் பழையதை மீட்கவே முடியாது. கோடு போட்ட நோட்டு போதும். கைபேசியிலும் எழுதலாம், ஆனால் அதில் முன்பு எழுதியதை அழித்துத் திருத்தும் ஆசை எப்போதும் விரல்நுனியில் இருக்கும் என்பதால் நான் காகிதத்தையே விரும்புகிறேன். இடப்பக்கத்தில் நினைவை எழுதி, வலப்பக்கத்தை மறுபார்வைக்கு வெறுமையாக விட்டுவிடுங்கள்.

எந்தப் படங்களை எடுத்துக்கொள்வது என்பதில்தான் முதல் தடுமாற்றம் வரும். பட்டியல் போடச் சொன்னால் எல்லாருக்கும் விருது வாங்கிய படங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன, ஏனென்றால் பட்டியல் என்றதும் அதைப் படிக்கப்போகிறவரின் முகம் நம் முன்னால் வந்து நிற்கிறது. இதைத் தவிர்க்க ஒரு சோதனை உண்டு. தொலைக்காட்சியில் சேனல் மாற்றிக்கொண்டே போகும்போது, பாதிப் படம் ஓடிவிட்டது என்று தெரிந்தும், எந்தப் படத்தில் ரிமோட்டைக் கீழே வைக்கிறீர்களோ அது உங்களுக்குப் பிடித்த படம். மதிக்கிற படங்கள் வேறு, பிடித்த படங்கள் வேறு. இரண்டுக்கும் நோட்டில் இடம் கொடுங்கள், ஒன்றை மற்றொன்றாகக் காட்டாதீர்கள்.

எனக்கு அப்படி ரிமோட்டைக் கீழே வைக்க வைக்கும் காட்சி, 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் தன் படத்துக்கான பேய்க்கதையைச் சொல்லும் காட்சி. தமிழ்நாட்டில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. கேட்டால் எல்லாரும் நாகேஷின் குரலையும் அவர் வாயால் எழுப்பும் ஓசைகளையும் நடித்துக் காட்டுவார்கள். ஆனால் காட்சியை மீண்டும் பார்த்தால், கதை சொல்கிறவரை ஒரு கண்ணாலும் கேட்கிறவரை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். முதலில் பெரிய மனிதரின் அலட்சியத்தோடு உட்கார்ந்திருக்கும் பாலையா, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதைக்குள் இழுக்கப்பட்டு, தன்னை அறியாமல் பயப்படத் தொடங்குகிறார். சிரிப்பு பிறப்பது அந்த முகத்தில். நகைச்சுவைக் காட்சியைக் குறிப்பெடுக்கும்போது பேசுகிறவரைவிடக் கேட்கிறவரைக் கவனியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி நினைவிலிருந்து எழுதும் பகுதி. கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். அது எங்கும் கிடைக்கும். எங்கே, யாரோடு பார்த்தீர்கள், திரையரங்கா, டூரிங் டாக்கீஸா, ஞாயிறு மாலை தூர்தர்ஷனா, வாடகை வீடியோ கேசட்டா, இடைவேளை எந்தக் காட்சியில் வந்தது என்பவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு கண்ணை மூடினால் வரும் காட்சிகளை, வருகிற வரிசையிலேயே, மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள். ஒருவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார், மழை பெய்ததா என்பனவற்றை உறுதியாகத் தெரியாவிட்டாலும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும்போது பலன் தருவன இந்தச் சின்ன விவரங்களே. பாடல்கள் மட்டும் தனிப் பத்தியில் போகட்டும். நம் படங்களைப் பற்றிய நினைவில் பாட்டு முந்திக்கொண்டு வந்து மற்ற அனைத்தையும் மறைத்துவிடும்; அந்தப் பாட்டையும் படத்தில் பார்த்ததைவிட வானொலியில் கேட்டதே அதிகமாக இருக்கும். பழகிக்கொள்வதற்கு, பாடல்களே இல்லாத ஒரு படத்தில் தொடங்கலாம். எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' (1954) அப்படிப்பட்டது. கதாநாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிட, மற்றவர்கள் வாயிலாக அவன் கதை தெரியவரும் அந்தப் படத்தில், பாட்டு என்ற பிடிமானம் இல்லாதபோது மனம் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

மறுபடி பார்க்க உட்காருவதற்கு முன், கையில் கிடைத்திருக்கும் பிரதி முழுமையானதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நினைவில் இருக்கும் காட்சி படத்தில் இல்லையென்றால் அது நம் கற்பனையாகவும் இருக்கலாம், யாரோ வெட்டியதாகவும் இருக்கலாம். இதற்குத் துணை, படத்தின் தொடக்கத்தில் சில விநாடிகள் வந்து போகும் சென்சார் சான்றிதழ். அங்கே நிறுத்திப் படியுங்கள். ஃபிலிம் காலத்துப் படமானால் ரீல்களின் எண்ணிக்கையும் மொத்த நீளமும் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். இப்போதைய டிஜிட்டல் படங்களுக்கு நிமிடக் கணக்கிலேயே தருகிறார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள் (தனித்தனிப் படச்சட்டங்கள்), விநாடிக்கு 24 பிரேம்கள் என்பதால் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர் ஓடுகிறது. சான்றிதழில் 4,000 மீட்டர் என்றிருந்தால், 27.4ஆல் வகுத்துப் படம் சுமார் 146 நிமிடம் என்று அறியலாம். நீங்கள் பார்க்கும் பிரதி 125 நிமிடத்தில் முடிந்துவிட்டால் ஒரு பாட்டோ சண்டையோ சிரிப்புக் காட்சியோ போயிருக்கிறது என்று பொருள். ஐந்தாறு நிமிடக் குறைவுக்கு மட்டும் பதற வேண்டாம். இந்தியத் தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25 பிரேம்களைக் கொண்டது என்பதால், அதற்காக மாற்றப்பட்ட பிரதி சற்று வேகமாக ஓடி, 146 நிமிடப் படம் 140 நிமிடத்தில் முடிந்துவிடும். படம் திரையின் அகலத்துக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்; நெற்றிகள் தொடர்ந்து துண்டுபட்டால் அதுதான் காரணம்.

மறுபார்வையில் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள், நடுவில் எழுதாதீர்கள். அடுத்த நாள் ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுங்கள். எதை எழுதுவது என்ற குழப்பம் வேண்டாம்: யார் முகம் முதலில் வருகிறது, கேமரா நகர்கிறதா நிற்கிறதா, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, பேச்சு இல்லாத இடத்தில் என்ன ஓசை கேட்கிறது. இந்த நான்குக்கும் விடை எழுதினாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இதற்கு ஏற்ற படம். வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடியில், அலுவலகத்தில் வேலை செய்யும் சுதா கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு சிறிய வீடு கட்டத் தொடங்குகிறாள். ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, பணத்தட்டுப்பாடு, அலைச்சல் என்று படம் நகர்கிறது. இந்த வேடத்துக்காக அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் பார்த்தவர்கள் முதலில் பேசுவது சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தாவைப் பற்றித்தான். இன்னும் முடியாத வீட்டை அவர் தனியாகப் போய்ப் பார்க்கிறார். அந்த வயதில் நடை எவ்வளவு மெதுவாக இருக்குமோ அவ்வளவு மெதுவாகவே காட்சியும் போகிறது. பூசாத சுவர்களுக்கு நடுவே அவர் அறை அறையாக நடக்கிறார், தொட்டுப் பார்க்கிறார், மகிழ்கிறார். பக்கத்தில் யாரும் இல்லாததால் பேச்சுக்கு வேலையில்லை. இளையராஜா படத்துக்கென்று தனியாக அமைக்காமல் 1986இல் வெளியிட்ட இசைத்தொகுப்பிலிருந்து எடுத்தாண்ட இசை, அவர் மனத்தில் ஓடுவதைச் சொல்லிவிடுகிறது. அங்கிருந்து திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார்.

இந்தக் காட்சியைப் பற்றி 'மனத்தை உருக்கியது' என்று எழுதினால் அந்த வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும். எந்த இடத்தில் உருகத் தொடங்கியது என்று தேடி எழுதுங்கள். சிலருக்கு அது மரணத்தில் நிகழும். எனக்கு அது முன்பே, அவர் சுவரில் கை வைக்கும்போது நிகழ்ந்துவிடுகிறது, ஏனென்றால் வீடு கட்டிய குடும்பங்களில் வயதானவர்கள் புதுச் சுவரை அப்படித்தான் தொடுவார்கள். கட்டடத்தைச் சோதிப்பதுபோலத் தட்டிப் பார்ப்பவர்கள் சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்கள்.

பெயர்களையும் பொறுப்புகளையும் எழுதும்போது இணையத்தை நம்புவதைவிடப் படத்தின் டைட்டில் கார்டை நிறுத்திப் படிப்பது நல்லது. ஒரு நடிப்பு ஒருவருடையது மட்டும் என்ற எண்ணமும் பல இடங்களில் தவறிவிடும். 'ஆடுகளம்' (2011) படத்தில் பேட்டைக்காரனாக வரும் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனுக்குக் குரல் கொடுத்தவர் ராதாரவி. அந்தப் பாத்திரத்தின் பொறாமை நம்மைத் தாக்கியதென்றால், முகத்தில் தெரிந்தது எவ்வளவு, குரலில் கேட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில் ஒரு மாலை போய்விடும். ஒலியை அடைத்துவிட்டு ஒரு முறையும், திரையைப் பார்க்காமல் ஒரு முறையும் அதே காட்சியை ஓடவிடுங்கள்.

சொந்த வாழ்க்கையை எங்கே சேர்ப்பது என்பது நுட்பமான விஷயம். அதைச் சேர்க்காவிட்டால் குறிப்பு விமர்சனமாகிவிடும், அளவுக்கு மீறினால் படம் காணாமல் போய்விடும். நான் கடைப்பிடிக்கும் வரையறை இது: வாழ்க்கையிலிருந்து எடுக்கும் எதுவும் திரையில் தெரியும் ஒரு குறிப்பிட்ட கணத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், அதுவும் சில வரிகளுக்குள். 'முள்ளும் மலரும்' (1978) முடிவில், அண்ணன் காளிக்குப் பிடிக்காத எஞ்சினியரை மணக்கப் போன வள்ளி, ஊரே எதிர்ப்பக்கம் நிற்க, அண்ணனிடமே திரும்பி வருகிறாள். தங்கை தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்ற பெருமையில் காளி நிமிர்கிறான், உடனே அவளைத் தானே எஞ்சினியருக்குக் கொடுக்கிறான். ஆனாலும் இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லத் தவறுவதில்லை. என் நோட்டில் இந்த இடத்துக்கு எதிரே, மகள் விருப்பப்படி நடந்த திருமணத்தில் தாலி கட்டி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்து, பந்தியில் மட்டும் எழுந்துபோய் மாப்பிள்ளையின் இலையில் தானே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்ன என் பெரியப்பாவைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. காளியின் அந்தக் கடைசிப் பேச்சைப் பலர் முரட்டுத்தனம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். ரஜினிகாந்தின் முகத்தைப் பார்த்தால் அதை விட்டுக்கொடுப்பதன் ஒரு வகையாகவே எனக்கு எடுத்துக்கொள்ள முடிகிறது.

மறுபார்வையில் சில படங்கள் பிடிக்காமல் போகும். பள்ளி வயதில் கொண்டாடிய நாயகன், விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்ந்து சுற்றுவதையே காதல் என்று காட்டிய படங்கள் நம்மிடம் நிறைய உண்டு; அவற்றை இப்போது பார்க்கும்போது நெளிய வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், பழைய மகிழ்ச்சியை மறுத்தும் எழுதாதீர்கள். அன்று எந்தக் காட்சியில் கைதட்டினீர்களோ அதையே எடுத்து, அதில் அந்தப் பெண்ணின் முகம் எத்தனை முறை காட்டப்படுகிறது, அவளுக்கு என்ன பேச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் தீர்ப்பு எழுதத் தேவையே இருக்காது.

சில ஆண்டுகள் கழித்து அதே படத்துக்குத் திரும்பும்போது, முன்பு எழுதியதைப் படிக்காமல், புதுத்தாளில் மறுபடி நினைவிலிருந்து தொடங்குங்கள். பிறகு வேறு நிற மையால் வேறுபாடுகளைப் பழைய பக்கத்தின் ஓரத்தில் தேதியோடு குறியுங்கள். பார்க்கக் கிடைக்காத படங்களுக்கும் பக்கம் ஒதுக்கலாம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) உட்படப் பல படங்களுக்கு இன்று பிரதியே இல்லாத நாட்டில், வீட்டில் மூத்தவர் ஒருவர் தாம் பார்த்த ஒரு பழைய படத்தின் காட்சியைச் சொன்னால், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, சொன்னவருக்கு அப்போது என்ன வயது, எந்த ஊர்க் கொட்டகையில் பார்த்தார் என்பவற்றையும் சேர்த்து, வலப்பக்கத்தை வெறுமையாகவே விட்டுவையுங்கள்; எங்காவது ஒரு பிரதி கிடைத்தால் ஒப்பிடுவதற்கு அந்த இடம் வேண்டும்.