இன்குலாப் முழக்கத்தை எழுப்புவது எப்படி?

ஊர்வலத்தில் முதன்முறை 'இன்குலாப் ஜிந்தாபாத்' முழக்கம் எழுப்ப வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் அர்த்தத்தைத்தான் சொல்வேன். 'இன்குலாப்' அரபியிலிருந்து வந்தது. தலைகீழாகப் புரட்டுவது, அதாவது புரட்சி. 'ஜிந்தாபாத்' பாரசீகம், நீடு வாழ்க. 1921இல் உருதுக் கவிஞர் மௌலானா ஹஸ்ரத் மொஹானி உருவாக்கிய முழக்கம் இது. 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசிய பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் இதை எழுப்பியபின் நாடெங்கும் பரவியது.

அப்புறம் குரல். 'லா'வை நன்றாக இழுங்கள். 'ப்' சட்டென்று முடியட்டும். அந்த வெட்டுதான் கூட்டத்துக்குச் சைகை. உடனே வாயை மூடிக்கொள்ளுங்கள், 'ஜிந்தாபாத்' அவர்களுடையது. அதையும் சேர்த்துக் கத்துகிறவர்கள் சீக்கிரமே தொண்டை கட்டி நிற்பார்கள் (ஆர்வக்கோளாறு, வேறென்ன). அடிவயிற்றிலிருந்து எழுப்புங்கள். பின்வரிசையின் பதில் வந்து சேர்ந்தபிறகே அடுத்த 'இன்குலாப்'.