ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: டிக்கெட்டில் இல்லாத மணித்தியாலங்கள்

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வானில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. டுபாய், டோஹா, அபுதாபி என்று எங்காவது இறங்கி மாறுவதுதான் பலருடைய வழி. முதல் பறப்பு 13 மணித்தியாலம் அளவில், அடுத்தது நாலரை. இடையில் இரண்டு மணித்தியாலமும் காத்திருக்கலாம், பத்தும் காத்திருக்கலாம். டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் இந்தக் கூட்டுத்தொகையையும் விலையையும்தான் பார்க்கிறோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது, விமானம் கட்டுநாயக்காவில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதை.

வீட்டுப் படலைக்கு அங்கிருந்து இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் இருக்கிறது. புத்தளம், அனுராதபுரம், வவுனியா, பிறகு ஏ-9 வீதியில் ஆனையிறவு தாண்ட வேண்டும். விடியற்காலை இறங்கினால் வழியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெயில் தாழ முன் வீட்டுக்குப் போய்விடலாம். இரவு பத்து மணிக்கு இறங்குகிறவர்கள், "வான் வண்டிக்குள்ளே படுத்தால் விடிய யாழ்ப்பாணம்" என்று கணக்குப் போடுவார்கள். உங்களுக்கு நித்திரை வருகிற நேரத்தில் சாரதிக்கும் வரும். புத்தளம்–அனுராதபுரம் பக்கம் யானை குறுக்கே வரும். வன்னிக்குள் போனால் மாடுகள் தார் ரோட்டிலேயே படுத்திருக்கும், கிட்டப் போகும்வரை தெரியாது. நீர்கொழும்பு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு விடியப் புறப்படுங்கள். ரயில் நல்லதுதான், ஆனால் அதற்குத் தெற்கே கொழும்புக் கோட்டை ஸ்டேசன்வரை போக வேண்டும். ஆளுக்கு இரண்டு சூட்கேசோடு அது சரிவராது.

அடுத்தது நாள் கணக்கு. இலங்கை நேரம் ரொறன்ரோவைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் முந்தியது. வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலைதான் கட்டுநாயக்கா. சனிக்கிழமை அப்படியே காணாமல் போய்விடும். ஞாயிறு நல்லூர் முருகன் கோயில் தேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் புத்தளம் தாண்டுவதற்குள் தேர் இருப்புக்கு வந்துவிடும். நல்லூரான் யாருக்காகவும் நேரம் பிந்தமாட்டான். திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ போகிறவர்கள் இரண்டு நாள் முந்தியே போய் இறங்குவது நல்லது.

"சென்னைக்குப் போய் அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போகலாமே?" என்று கேட்பார்கள். போகலாம். சென்னையிலிருந்து 400 கிலோமீற்றர்கூட இல்லை, ஒன்றேகால் மணித்தியாலம்தான். ரோட்டுப் பயணம் மிச்சம். ஆனால் ஓடுவது ஏ.டி.ஆர். எனப்படும் சின்ன விமானம். கனடாவிலிருந்து 23 கிலோப் பெட்டி இரண்டோடு வந்தவருக்கு அதில் அனுமதிக்கும் எடை போதாது, மேலதிகக் காசு கட்ட வேண்டிவரும். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்துதான் பெட்டியை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். கனடியக் கடவுச்சீட்டுக்காரர் இலங்கைக்கான இ.டி.ஏ. என்ற பயண அனுமதியையும் முன்கூட்டியே ஒன்லைனில் எடுத்துவைப்பது நல்லது. பாரம் குறைவாக, விசா கையில், சென்னையில் சேலை எடுக்கிற வேலையும் இருந்தால் இந்த வழி அருமை. வயதான அம்மா அப்பாவோடு போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

திரும்பும்போது எதிர்க்காற்று. வளைகுடா–ரொறன்ரோ பறப்பு போனதைவிட ஒரு மணித்தியாலமாவது கூடும். விமானம் காலையில் என்றால் முதல் நாளே யாழ்ப்பாணத்திலிருந்து இறங்கிவிடுங்கள். மாமி வீட்டுச் சாப்பாட்டை அதற்கு முந்தின நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள், கோபிப்பா, பரவாயில்லை.