மதுரையிலிருந்து கடல் தூண்டிலுக்கு: எந்த மாதம், எந்தக் கடல், எந்த அனுமதி

வைகையிலும் கண்மாயிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் முதன்முறை மண்டபத்துக்கோ தூத்துக்குடிக்கோ கிளம்பும்போது ராடு, ரீல் பற்றித்தான் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். படகைப் பற்றியும் தேதியைப் பற்றியும் ஒரு போன் பேச்சோடு முடித்துக்கொள்கிறார்கள். கடலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

கரையில் நின்று தூண்டில் போட தனி ஆளுக்கு லைசென்ஸ் என்ற முறை தமிழ்நாட்டுக் கடலில் இல்லை. அனுமதி படகுக்கு உண்டு, கடல் பகுதிக்கு உண்டு, தேதிக்கு உண்டு. மூன்றும் சரியாக இருந்தால்தான் உங்கள் பயணம் சரி.

தேதியிலிருந்து தொடங்கலாம். கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. பழைய கணக்கை நினைவில் வைத்து ஜூன் முதல் வாரத்துக்கு ரூம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீன் சினைப்பிடித்து முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகள் அப்போது கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு, வள்ளம், கட்டுமரம் போகலாம். கன்னியாகுமரியின் மேற்குக் கரைக்குத் தேதி வேறு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 'இங்கே தடை, அங்கே போவோம்' என்று ஜூன் தொடக்கத்தில் காரை எடுத்தால் இரண்டு பக்கமும் விசைப்படகு கரையில்தான் நிற்கும்.

தடை இல்லாத மாதங்களில் எந்தப் பக்கம் போவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பாக் நீரிணைக் கடலை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும்; அப்போது தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வடக்கு என வடகடல் பக்கம் ஓரளவு அமைதி. அக்டோபருக்குப் பின் வாடை தொடங்கியதும் இது தலைகீழாகும்: வடகடல் குமுறும், கீழக்கரை, பாம்பன் தெற்கு, மண்டபம் தெற்கு அடங்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதங்கள், எந்தப் பக்கமானாலும் திட்டம் ஒரே நாளில் மாறலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் 14 வரை. வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் ஏறாமல், இரண்டு கடலும் கண்ணாடி போலக் கிடக்கும் நாட்கள் அதில்தான் அதிகம்.

வடகடல் ஆழம் குறைந்தது. அடியில் சேறும் கடல்புல்லும். பாரை, கொடுவா, ஓரா கிடைக்கும். வஞ்சிரம், களவா, விளமீன், ஊழி என்று தேடுகிறவர்களுக்குத் தென்கடலின் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள்தான் இடம்.

அந்தப் பார்களில்தான் சட்டச் சிக்கலும் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986 முதல் வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கிறது. குருசடை, மண்டபம் பக்கத்து முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணி, வான் தீவு எல்லாம் இதற்குள். எல்லை எங்கே என்று கேட்டால் மீனவர்களுக்குப் புரியும் அளவிலேயே சொல்லலாம்: தீவின் கரைப்பக்கத்தில் மூன்றரை பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கை நீளம்) ஆழம் வரை, வெளிக்கடல் பக்கத்தில் ஐந்து பாகம் ஆழம் வரை. மீட்டரில் ஏறக்குறைய ஆறரையும் ஒன்பதும். அதற்குள் மீன் பிடிப்பதும் அனுமதியில்லாமல் தீவில் இறங்குவதும் குற்றம். 'யாரும் பார்க்க மாட்டாங்க' என்று படகுக்காரர் சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். நங்கூரம் போட்டால் பவளப்பாறை உடைகிறது, அது வளர்ந்து திரும்பிவர ஆண்டுக்கணக்காகும். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் உள்ள படகானால் திரையில் பத்து மீட்டருக்குக் கீழே எண் வந்ததுமே விலகச் சொல்லுங்கள்.

வடகடலில் இன்னொரு எல்லை, இந்திய இலங்கைக் கடல் எல்லை. கச்சத்தீவுப் பக்கம் 1974 உடன்பாட்டின் கோடு. தண்ணீரில் கோடு தெரியாது; மீன் கடிக்கும் உற்சாகத்தில் நீரோட்டம் படகை இழுத்துப் போவதும் தெரியாது. படகின் ஜிபிஎஸ்ஸில் எல்லை பதிந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். போனிலும் இருப்பிடத்தைத் திறந்து வையுங்கள். சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சாட்டிலைட் போன் கொண்டுவந்தால் வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

இனி படகு. மீன்பிடிப் படகின் உரிமம் மீன் பிடிக்கக் கொடுத்தது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப் போவதற்கு அது பொருந்தாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடும். ஆகவே முன்பணம் அனுப்புமுன் கேளுங்கள்: "அண்ணே, ஆள் ஏத்த அனுமதி வாங்கியிருக்கா? பேப்பரை போட்டோ எடுத்து அனுப்புங்க." பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு படகு பாருங்கள். பதிவு எண் படகின் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும், பேப்பரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஆதார் அசலை பிளாஸ்டிக் உறையில் வைத்திருங்கள், கடலோரக் காவல்துறை கேட்பார்கள்.

விசைப்படகு கரையை ஒட்டிய கடலில் மீன் பிடிக்கக் கூடாது, அது நாட்டுப்படகுகளின் இடம். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற பங்கீடும் உண்டு. உங்கள் சனி ஞாயிறு விடுமுறை அவர்கள் முறைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவ மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அதற்காகப் பேரம் பேசுவது மரியாதை இல்லை.

கிளம்பும் முந்தைய நாள் மாலை இரண்டு விஷயம். முதலில், மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பு. சிறிய ஃபைபர் படகுக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் நாங்கள் போகச் சொல்வதில்லை. அடுத்து, பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, படகு கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்கிறதா என்பது. டோக்கன் நிறுத்தியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

தூண்டிலைப் பொறுத்தவரை ஓட்டுத் தூண்டிலுக்கு (ஓடும் படகின் பின்னால் இழுத்துப் போவது) 50 பவுண்டு பிரெய்டு என்னும் பின்னல் நூல், முனையில் 60 முதல் 80 பவுண்டு தங்கூசி நரம்பு இரண்டு மீட்டர் போதும். வஞ்சிரமும் ஊழியும் பல்லால் அறுத்துவிடும். தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாயம். கம்பி நீளமானால் மீன் கடிக்காது, குட்டையானால் அறும். பிடி நழுவுவது பெரும்பாலும் ரீலின் பிரேக்கான டிராக்கை இறுக்கி வைப்பதால்; நரம்பைக் கையால் இழுத்தால் தயங்கித் தயங்கி வரும் அளவே சரி.

சில உயிர்களைத் தொடவே கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, ஆவுளியா என்னும் கடற்பசு, வேளா என்னும் ரம்ப மூக்கு மீன், திமிங்கலச் சுறா, பவளம் எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டப் பட்டியலில் உள்ளவை. ஆமை முள்ளில் மாட்டினால் இழுத்துத் தூக்காதீர்கள். பக்கத்தில் கொண்டுவந்து நரம்பை முள்ளுக்கு அருகே வெட்டி விடுங்கள். ஒரு கை நீளம்கூட இல்லாத வஞ்சிரத்தையும் விட்டுவிடுங்கள், அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

ஓராவையும் கெளிற்றையும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஓராவின் முதுகு முள் ஊசி போல மெல்லியது, குத்தியது தெரிவதற்குள் கை மணிக்கட்டு வரை கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் விஷத்தின் வலி குறையும்; நல்ல கை ஒருமுறை தொட்டுச் சூட்டைப் பார்க்கட்டும், வலித்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்காகவும்தான். மூச்சு வாங்கினாலோ முள் உள்ளே முறிந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

மண்டபத்திலிருந்து மீனை மதுரை வரை கொண்டுவர சில மணி நேரம் ஆகும். பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, குடலை எடுத்து, மீனின் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸில் புதையுங்கள். வஞ்சிரமும் சூரையும் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலே சாப்பிட்டவருக்கு உடம்பெல்லாம் அரிப்பும் தலைவலியும் வரலாம். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்காமல் பரமக்குடியில் ஒருமுறை வடித்துவிட்டு, குறைந்த ஐஸை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.