ரொறன்ரோவுக்கு வரும் மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு: நூலக அட்டையும் அதோடு கிடைக்கும் உதவிகளும்

ஊரில் மாநகர சபை, பிரதேச சபை நூலகங்களில் அங்கத்துவம் எடுக்க விண்ணப்பப் படிவம், கிராம சேவையாளரின் உறுதி, பிணையாள், வைப்புப் பணம் என்று அலைந்து பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில், இங்கே வந்து வருடக்கணக்காகியும் நூலகப் படியேறாத குடும்பங்கள் நிறைய. ரொறன்ரோ பொது நூலகத்துக்குப் பிணையாள் வேண்டாம், காசும் வேண்டாம். நகரத்தில் வசித்தாலோ, வேலை செய்தாலோ, படித்தாலோ அட்டை இலவசம். குடிவரவு நிலை என்னவென்பது அட்டைக்குத் தடையில்லை.

கேட்பது இரண்டு விடயம்தான்: உங்கள் பெயர், உங்கள் முகவரி. இலங்கைக் கடவுச்சீட்டு பெயரைக் காட்டும், ரொறன்ரோ முகவரியைக் காட்டாது. அதனால் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், அரசாங்கக் கடிதம் என்று முகவரியோடு ஏதாவது ஒன்றையும் கொண்டுபோங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சித்தப்பா வீட்டு நிலக்கீழ் அறையில் இருப்பவருக்கு ஒப்பந்தமும் இல்லை, மின்கட்டணப் பட்டியலும் சித்தப்பா பெயரில். வங்கிக் கணக்குத் திறக்கும்போது அந்த முகவரியையே கொடுத்து, கடிதம் தபாலில் வரும்படி கேளுங்கள். வந்த முதல் கடிதத்தைப் பத்திரப்படுத்தினால் அட்டைக்கு அதுவே போதும்.

அடுத்த சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும், வங்கியில் பின்னுக்குப் போகும், ஒப்பந்தத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் அப்படியே கொடுங்கள். பின்னால் சுகாதார அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதும் இது தலையிடியைக் குறைக்கும். பன்னிரண்டு வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

ஒரு அட்டையில் ஒரே நேரத்தில் 50 பொருட்கள் வரை இரவல் எடுக்கலாம். புத்தகத்துக்கு மூன்று கிழமை. எடுத்த கிளையிலேயே திருப்ப வேண்டும் என்றில்லை, எந்தக் கிளையிலும் போடலாம். தாமதக் கட்டணத்தை 2022 ஆம் ஆண்டில் முற்றாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் நீண்ட நாள் திருப்பாவிட்டால் தொலைந்ததாகக் கணக்கிட்டு விலையைக் கேட்பார்கள். வீடு மாறும்போது பெட்டிக்குள் புத்தகம் அகப்பட்டுப்போவதுதான் வழக்கமான காரணம். அட்டை தொலைந்தால் அன்றைக்கே அறிவியுங்கள், வேறு யாராவது எடுத்த புத்தகம் உங்கள் கணக்கில் ஏறக்கூடாது.

தமிழ்ப் புத்தகங்கள் மல்வேர்ன் போன்ற ஸ்காபரோக் கிளைகளில் உண்டு. கணினிப் பட்டியலில் தேடும்போது 'ஒன்றுமில்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். பல பதிவுகளில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள், அதுவும் நாங்கள் கைத்தொலைபேசியில் தட்டுகிற மாதிரி அல்ல. 'ச' வருமிடத்தில் ஆங்கில 'c' எழுத்தைப் போடும் நூலகர்களின் முறை அது. மொழியைத் தமிழ் என்று தெரிவுசெய்து பட்டியலைப் பார்ப்பதே சுகம். வேறு கிளையில் இருந்தால் முன்பதிவு செய்யுங்கள், உங்கள் கிளைக்கே வந்துசேரும்.

சில கிளைகளில் குடியமர்வு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வீடு, பாடசாலை, வேலை, படிவம் எல்லாவற்றுக்கும் வழிகாட்டுவார்கள். இது மத்திய அரசின் பணத்தில் நடப்பதால் நிரந்தர வதிவுடையவர்களுக்கும் அகதி நிலை ஏற்கப்பட்டவர்களுக்கும் உரியது. அகதி விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் மாகாண அரசின் உதவியில் நடக்கும் சேவைகள் எங்கே என்று அந்த ஆலோசகர்களிடமே கேளுங்கள். ஆங்கிலப் பேச்சு வட்டங்களும் இலவசமாக நடக்கின்றன.

இனி நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. படுவான்கரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ வந்த குடும்பங்களில் ஷெல் துண்டில் கண் போனவர், கை போனவர், காது கேளாதவர் இருப்பது புதினமில்லை. அவர்களை வீட்டில் இருத்திவிட்டு மற்றவர்கள் மட்டும் அட்டை எடுக்கிறார்கள். ஒன்ராரியோவில் 2005 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் அணுகல் சட்டம் நூலகங்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் என்ன தேவை என்று நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் அது வேலை செய்யும்.

அச்சு வாசிக்க முடியாதவர்களுக்குச் 'சேலா' என்ற நூலகச் சேவை இருக்கிறது. முழுப் பார்வை இழந்தவருக்கு மட்டுமல்ல, கை இல்லாததால் புத்தகத்தைப் பிடித்துப் புரட்ட முடியாதவருக்கும், எழுத்துகளைக் கோத்து வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கும் இது உரியது. நூலக அட்டை எண்ணோடு பதிந்தால் ஒலிநூல், மின்நூல், விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் புத்தகம் கிடைக்கும். பெரும்பாலானவை ஆங்கிலமும் பிரெஞ்சும்தான், தமிழ் குறைவு. ஊரில் தமிழ்ப் பிரெய்ல் படித்தவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்குள்ள ஆங்கிலப் பிரெய்ல் பல சொற்களைச் சுருக்கி எழுதுகிறது, புள்ளிகளை அறிந்திருந்தாலும் உடனே ஓடாது. அதைக் கற்கும்வரை ஒலிநூலில் தொடங்குங்கள். தமிழ் மின்நூலுக்கு கணினித் திரையில் உள்ள எழுத்தை உரத்து வாசிக்கும் 'என்விடிஏ' என்ற இலவசத் திரைவாசிப்பானும் அண்ட்ரொய்ட் கைபேசியின் தமிழ்க் குரலும் கைகொடுக்கும். படமாக வருடிய (ஸ்கான் செய்த) பக்கத்தை அவை வாசிக்கமாட்டா, எழுத்தாக உள்ள கோப்பைத்தான் வாசிக்கும். வாசிப்பான் மௌனமாக இருந்தால் அநேகமாகக் காரணம் இதுதான்.

காது கேளாதவர்களுக்கு நிகழ்ச்சிகளில் சைகைமொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்கலாம். ஆனால் இங்கே பாவிப்பது அமெரிக்கச் சைகைமொழி. ஊரில் படித்த சைகை வேறு மொழி, ஒன்று தெரிந்தால் மற்றது புரியாது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர், பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் போடும் வசதியைக் கேட்பது பயன்தரும். 'காது கேளாது' என்று மட்டும் பதிவு செய்தால் சைகைமொழிபெயர்ப்பாளர் வந்து நிற்பார், உங்கள் ஆள் விளங்காமல் இருப்பார். எது வேண்டும் என்பதை எழுத்தில் தெளிவாகக் கொடுங்கள்.

முதுமை, வருத்தம், அங்கவீனம் காரணமாக மூன்று மாதமோ அதற்கு மேலோ வீட்டை விட்டு வெளிக்கிட முடியாதவருக்கு நூலகம் வீடு தேடி வரும். பனிக்காலத்தில் சறுக்கி விழப் பயந்து ஜன்னலோரம் இருக்கும் அம்மம்மாவுக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. பதியும்போது 'தமிழ்ப் புத்தகம்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பக்திநூலா, நாவலா, சஞ்சிகையா, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே எவற்றை வாசித்துவிட்டார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தெரிவு செய்பவர் தமிழ் வாசிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம்.